ஆத்தாளுக்கு விட்ட குட்டி

அந்த வருசம் பங்குனியில திருத்தணி பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கன்னா என்னப் பாத்திருப்பீங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துல வெள்ளக் குதிரைய இட்டுகினு முன்னால நடந்து போன பொம்பள நான்தான். குதிர மேல உக்காந்திருக்கற மாப்பிள்ளைய விட்டுட்டு என்னையத்தான் செல்போன்ல புடிப்பானுங்க. "டேய், பொம்பள குதிர புடிச்சுகினு வருதுடா!"ன்னு ஒருத்தன் கத்துவான். ஏன்டா, யார் புடிக்கறாங்கன்னு குதிரயே கேக்கல, உனக்கு இன்னா நோவுதுன்னு வாய் வரைக்கும் வரும். முழுங்கிகினு நடப்பேன். கல்யாண வூட்ல வாய் குடுத்தா அடுத்த கல்யாணத்துக்கு எவன் கூப்புடுவான்?

எங்ககிட்ட ரெண்டு மட்டக்குதிர. ஒண்ணு வெள்ள, இன்னொண்ணு செவலப் பொட்டக்குதிர. அதுங்க கூட பதினோரு செம்மறி. மலைக்குப் பின்பக்கம், ஏரிக்குப் போற வழியில ஓட்டு வூடு, பக்கத்துல ஆட்டுப் பட்டி, அதுக்குப் பக்கத்துல குதிரைக்குத் தகரக் கொட்டாய். குதிர எங்க வூட்டுக்காரு பொழப்பு. ஆடு என் பொழப்பு, நான் பொறந்த வூட்லேர்ந்தே ஆட்டோட வளந்தவ. அவரு எனக்கு அத்தை மகன். சின்ன வயசுலேர்ந்து பாவான்னு கூப்ட்டு, கட்டிகினதுக்கு அப்புறமும் அந்தப் பாவாதான். ஒரே பொண்ணு, அவளப் பள்ளிப்பட்டுல கட்டிக் குடுத்துட்டோம். வூட்ல நாங்க ரெண்டு பேருதான்.

குதிர வேல எப்டி என் தலைல வந்துச்சுன்னா, அந்தத் தை மாசம் கனகம்மாசத்திரத்துல ஒரு கல்யாணம். பாவா செவலையக் கூட்டிகினு போயிருந்தாரு. மாப்பிள்ளைய மண்டபத்து வாசல்ல எறக்கி விட்டு ஓரமா நின்னுகினு இருந்தவரு காலடியில எவனோ ஒரு தறுதல சரவெடியக் கொளுத்திப் போட்டுட்டான். செவல ரெண்டு காலத் தூக்கிகினு எழும்பிடுச்சு. சுத்தி நண்டும் சிண்டுமா புள்ளைங்க. விட்டா மிதிச்சுடும்னு இவரு லகான வுடாம தொங்கியிருக்காரு. கால் வழுக்கி இவரு கீழ, குதிர மேல. தொட எலும்பு ரெண்டாப் போச்சு.

பெரியாஸ்பத்திரியில கம்பி வெச்சுத் தைக்கறதுக்கு உள்ள தள்ளிகினு போறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சாரு. கை சில்லுனு இருந்துச்சு. "நம்ம ஆடுங்க பங்குனியில ஈனும்மே. மொதோ பொறக்கற கிடாவ ஆத்தாளுக்கு விட்டுடுறேன்னு வேண்டிக்கோ. ஆடியில நானே நடந்து வந்து குடுக்கறேன்னு சொல்லு"ன்னாரு. எங்க ஊரு எல்லையில இருக்கறாளே கெங்கையம்மா, அவளைத்தான் ஆத்தான்னுவாரு. மலை மேல இருக்கறவருக்கு மொட்ட அடிச்சாப் போதும், இவளுக்கு உயிரு குடுக்கணும். நான் அவரு சொன்னத அப்டியே சொல்லி வேண்டிகினேன். அந்த நேரத்துல என்னையே குடுன்னு கேட்டிருந்தாலும் ஆங்னு சொல்லியிருப்பேன்.

வூட்டுக்கு வந்தாரு. ஆறு வாரம் கழிச்சு நாலு கால் வெச்ச தாங்கி ஒண்ணு குடுத்து, தெனம் புடிச்சுகினு நடக்கணும், நடக்கலன்னா சத செத்துப் போயி காலு வெளங்காமப் போயிடும்னு டாக்டரு ஒண்ணுக்கு நாலு வாட்டி சொல்லி அனுப்பினாரு. இந்த மனுசன் நடந்தாத்தான? புங்க மரத்தடியில கயித்துக் கட்டிலப் போடச் சொல்லி, ஆட்டுப் பட்டியப் பாத்தாப்புல படுத்துகினாரு. "மொதல்ல கிடா பொறக்கட்டும்மே. ஆத்தா குடுக்கட்டும். எந்திரிக்கறேன்."

"ஆட்டுக்கும் உன் காலுக்கும் இன்னா பாவா சம்பந்தம்? டாக்டரு இன்னா கேனயனா?"

"உனக்குத் தெரியாது, கம்முனு இரு."

கம்முனு இருன்னுட்டா முடிஞ்சுது. அந்தத் தாங்கி மேல நான் தொவச்ச துணி காய வெக்க ஆரம்பிச்சேன். அவரு கண்ணுல படட்டும், ரோசம் வரட்டும்னுதான் அங்க காயப் போட்டேன். வரல. துணி காஞ்சுதுன்னு சொல்லுவாரு.

காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன். மொதல்ல கொட்டாயில சாணி அள்ளணும். ஊற வெச்ச கொள்ளு, தவுடு, அறுத்த புல்லு. வெள்ளைக்குப் பிடரி சீவி விடணும், குளம்புல சிக்கின கல்லு எடுக்கணும், கல்யாண நாள்னா ஜிகினா சேணத்தத் தொடச்சு வெக்கணும். அதுக்கப்புறம் அவரத் தூக்கி உக்கார வெச்சு, மூஞ்சி கழுவி, நாஸ்தா குடுத்து, கீழ வெக்கற பாத்திரத்த எடுத்துக் கொட்டிட்டு, ஆட்ட ஓட்டிகினு ஏரிக்கர. ஈனப் போற நெலமையில நாலு ஆடு இருந்துச்சு, அதுங்களத் தூரமா ஓட்ட முடியாது. பங்குனி வெயிலு. ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். வேப்பம்பூவும் கருவேலங்காயும் உதுர்ற காலம், அந்தக் காயக் கடிச்சுத் தின்னுகினே ஆடுங்க நெழலுக்கு நெழலு நவுரும்.

செவலைய நான் கடேசியாத்தான் பாப்பேன். சொல்றதுக்கு இன்னா, எனக்கு அத்தப் புடிக்கல. அத்தப் பாக்கும்போதெல்லாம் எரியும். வெள்ள தின்னு முடிச்ச பெறவு மிச்சத்தக் கொண்டு போயி தொப்புனு வெப்பேன். தலையத் தொங்கப் போட்டுகினு அது நிக்கும். ஒரு நாளு தண்ணி பக்கெட்டக் காலால தட்டி வுட்டுடுச்சு. அவ்ளோதான், தொடப்பக்கட்டைய எடுத்து மூஞ்சி மேலயே நாலு சாத்து சாத்தினேன். கட்டில்லேர்ந்து கத்தினாரு. "அடிக்காதமே! வாயில்லாதத அடிக்கற! வெடி போட்டவனப் போயி அடி!" அவன எங்க போயித் தேடுறது? தொடப்பத்தப் போட்டுட்டு கொட்டாய்க்குப் பின்னாடி போயி அழுதேன். அன்னிக்கு யார் மேல கோவம்னு எனக்கே தெரியல.

பங்குனி பாதியில ஒரு நாளு காலைல பத்து மணி இருக்கும். நாலுல ரொம்ப எளசு ஒண்ணு, அதுக்குத் தலையீத்து, மொத மொதல்ல ஈனுது. மூலையில போயி நின்னு கால ஒதச்சுகினே இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்தேன். ரொம்ப சிரமப்படுத்தல, குட்டி வழுக்கிகினு வந்து விழுந்துச்சு. கட்டில்லேர்ந்து அவரு, "இன்னா குட்டி? சொல்லுமே, இன்னா குட்டி?"ன்னு உசுரு போறாப்புல கேக்கறாரு. பின்னங்காலத் தூக்கிப் பாத்தேன்.

"கிடா, பாவா! கிடாதான்!"

போர்வையத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. தானாவே. ரெண்டு மாசமா நான் அக்குள்ல கை குடுத்துத் தூக்கி வெச்ச ஆளு.

இங்கதான் நான் பண்ண தப்பு இருக்குது. ஆத்தாளுக்கு விடற குட்டிக்கு ஒரு மொறை உண்டு. பொறந்து ஒரு மாசம் தாய்கிட்டயே வுடணும். அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கெழம பாத்து மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டி, குங்குமம் வெச்சு, கழுத்துல மஞ்சக் கயிறு கட்டி, இது உன்னுதுன்னு அவகிட்ட சொல்லணும். இது எங்க வூட்ல கைக்கொழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனா அவரு தானா உக்காந்ததப் பாத்தவுடனே எனக்குத் தல கால் புரியல. "இப்பவே பண்ணிடுமே, ஆத்தா பாத்துகினு இருப்பா, அவ பேரச் சொல்லிடு"ன்னு அவரும் அவசரப்படுத்தறாரு. மறுநாளு மனசு மாறிட்டா? திரும்பப் படுத்துகினா? உள்ள ஓடி சுடுதண்ணி வெளாவி, ஒரு கை மஞ்சத் தூளக் கரச்சு எடுத்துகினு வந்தேன். தாய் திரும்பி நக்கறதுக்கு மூக்க நீட்டுது. நான் குட்டியத் தூக்கிட்டேன். மேல இருந்த சவ்வு, வழவழப்பு எல்லாத்தையும் பழைய பொடவையால சுத்தமாத் தொடச்சு, தல முதல் வாலு வரைக்கும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி, பொட்டு வெச்சு, கயிறு கட்டி, கொண்டு போயி அவரு மடியில வெச்சேன். அழுவறாரு, சிரிக்கறாரு. தாங்கி மேல இருந்த துணியத் தள்ளிட்டு எந்திரிச்சு நின்னாரு. ரெண்டு அடி வெச்சாரு. நான் கையெடுத்துக் கும்புட்டுகினு நிக்கறேன்.

எல்லாம் சேத்து அர மணி நேரம் இருக்கும். அப்புறம் குட்டியக் கொண்டு போயி தாய்கிட்ட வுட்டேன்.

மோந்து பாத்துச்சு. ஒரு அடி பின்னால போச்சு. திரும்ப வந்து மோந்துச்சு. தலையக் குனிஞ்சு ஒரே முட்டு. நிக்கக் கூடத் தெரியாத குட்டி, ரெண்டு மொழம் தள்ளிப் போயி விழுந்துச்சு. நான் எடுத்து வெச்சேன், திரும்ப முட்டுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஆடு மூக்காலதான் தன் குட்டியத் தெரிஞ்சுக்கும். பொறந்தவுடனே அந்த ஈரத்த நக்கி நக்கித்தான் இது என்னுதுன்னு அதுக்குப் பதியும். அந்த ஈரத்தையே நான் தொடச்சு எடுத்துட்டேன். மஞ்ச நாத்தம் புடிச்ச ஏதோ ஒண்ணக் கொண்டாந்து வெச்சா அது இன்னா பண்ணும்? அதுவும் தலையீத்து. அதுக்குக் குட்டின்னா இன்னான்னே தெரியாது.

எதுத்த வூட்ல வெள்ளாடு வெச்சிருக்கற தெலுங்குக்கார அக்கா சத்தம் கேட்டு வந்துச்சு. நெலமையப் பாத்ததும் தலைல அடிச்சுகினுச்சு. "ஐயய்யோ! தாயி நக்கறதுக்கு முன்ன யாராவது கழுவுவாங்களாடி? நீ ஆட்டுக்கார வூட்டுப் பொண்ணுதான? புத்திய எங்க அடகு வெச்ச?"

நஞ்சுக்கொடிய எடுத்துக் குட்டி மேல தடவலாம்னு ஓடினேன், அத்த நாய் எப்பவோ இழுத்துகினு போயிடுச்சு. அக்கா சொல்லி குட்டி முதுவுல உப்பத் தூவினேன், உப்புக்கு ஆசப்பட்டு நக்கும், நக்கினா ஒட்டிகினுடும்னு. அந்தக் கழுத உப்ப மட்டும் சுத்தமா நக்கித் தின்னுட்டு, முடிச்சவுடனே முட்டித் தள்ளுச்சு. வேற நேரமா இருந்தா சிரிச்சிருப்பேன்.

அப்புறம் பலவந்தம்தான். ஆட்டோட கழுத்தப் பட்டியில நட்ட கொம்போட கட்டி, என் முழங்காலால சுவத்தோட சேத்து அழுத்திப் புடிச்சுகினு, ஒரு கையால குட்டி வாய மடியில வெக்கணும். சீம்பாலு உள்ள போனாத்தான் குட்டி பொழைக்கும். ஒரு நாளைக்கு நாலு வாட்டி இந்தக் குஸ்தி. அது கத்தும், ஒதைக்கும், என் மேலயே மூத்திரம் வுடும். என் முட்டி ரெண்டும் நீலமாயிடுச்சு. அந்த ஆடு என்னக் கண்டாலே மெர்சலாயி மூலைக்கு ஓட ஆரம்பிச்சுது. பெத்ததையும் பிரிச்சு, அப்புறம் அத்தயே கட்டி வெச்சு வதைச்சேன் நானு. ஆறாவது நாளு ஒரு பக்க மடி கல்லாட்டம் வீங்கிடுச்சு. கால்நட டாக்டரு வந்து ஊசி போட்டாரு. வீக்கம் கொறஞ்சுது, பாலும் நின்னுடுச்சு.

பாக்கெட் பால ஆத்திக் குடுத்தேன். ரெண்டே நாளு. கழிச்சல் புடிச்சுகினுச்சு. பின்பக்கம் பூரா மஞ்சளா ஒட்டிக் கெடக்குது, கழுத்து நிக்கல, கண்ணு உள்ள போயிடுச்சு. கட்டில்லேர்ந்து இத்தப் பாத்துகினே இருந்தவரு, தாங்கிய ஓரமாத் தள்ளி வெச்சுட்டுப் படுத்துகினாரு.

"ஆத்தா வேணாம்னுட்டா. நீ இன்னா தீட்டோட தொட்டியோ, இன்னா பண்ணியோ."

வந்துச்சு பாரு எனக்கு. "யோவ், தீட்டா? பண்ணிடு பண்ணிடுன்னு கத்தினது யாருய்யா? சுடுதண்ணி வெளாவறதுக்குள்ள உசுர வாங்கினது யாரு? நான் மூணு மாசமா மனுசியாவே இல்ல, குதிரைக்கும் ஆட்டுக்கும் உனக்கும் சாணி அள்ளிகினு இருக்கறேன், என்னப் பாத்துத் தீட்டுன்றியா?" தெருவே கேட்டிருக்கும். அவரு வூட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு. அந்த முதுவப் பாத்தவுடனே என் கோவம் எல்லாம் பயமாயிடுச்சு. குட்டி நின்னா இவரு நிப்பாரு, குட்டி விழுந்தா இவரு விழுந்துடுவாரு. தாய் நாக்கே படாத இந்தக் குட்டிய நான் எப்டி நிக்க வெக்கறது?

தெலுங்குக்கார அக்கா காலுல விழாத கொறையா வெள்ளாட்டுப் பாலு கேட்டேன். "எடுத்துக்கோடி, இதுக்கு எதுக்குக் கண்ணு கலங்கற"ன்னு தெனம் கறந்து குடுத்துச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில பால் பாட்டில் வாங்கப் போனேன். கடப் பொண்ணு சிரிச்ச மூஞ்சியா, "கொழந்தைக்கு எத்தன மாசம் அக்கா?"ன்னுச்சு. "பத்து நாளு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டாக்டரு குடுத்த பொடியக் கரச்சு ஊத்தி, கழிச்சல் நின்னப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சொட்டுச் சொட்டா வெள்ளாட்டுப் பாலு. கல்யாணத்துக்கு வெள்ளைய இட்டுகினு போனா மடியில பாட்டில முடிஞ்சுகினு, குட்டியக் கோணிப் பையில வெச்சு டெம்போவுல கூடவே தூக்கிகினு போவேன்.

ஒரு நாளு விடியக்காலைல பாத்தா கோணியில குட்டியக் காணோம். நாய் தூக்கிடுச்சுன்னு அடிச்சுப் புடிச்சு ஓடறேன். செவலையோட நாலு காலுக்கு நடுவுல, வைக்கோலு மேல சுருண்டு தூங்குது. ஒரு மிதி மிதிச்சா கூழு. கிட்டப் போயிப் பாத்தா, செவல ஒரு முன்னங்காலத் தூக்குனது தூக்குனபடி, குளம்போட நுனிய மட்டும் தரையில ஊனிகினு நிக்குது. கீழ வெச்சா குட்டியோட வயிறு. எவ்ளோ நேரமா அப்டி நின்னுச்சோ, அந்தக் காலு வெடவெடன்னு ஆடுது. குட்டியத் தூக்கினப்புறம்தான் கால எறக்குச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னிலேர்ந்து அதுக்கும் வெள்ளைக்கும் ஒரே நேரத்துலதான் கொள்ளு வெச்சேன்.

குட்டி பொழச்சுகினுச்சு. பொழச்சுகினது மட்டுமில்ல, என் வாலப் புடிச்சுகினு அலைய ஆரம்பிச்சுது. மத்த மூணு ஆடும் ஈனி, அதுங்க குட்டிங்க தாய் மடியில முட்டிகினு திரியுதுங்க. இது மட்டும் என் பொடவை முந்தானையக் கடிச்சுகினு பின்னாலயே வரும். கடைக்குப் போனா கட வாசல்ல நிக்கும். குளிக்கற எடத்துல தட்டிக்கு வெளிய நின்னுகினு கத்தும். பட்டியில வுட்டா மந்தையோட சேராது, அதுங்களும் இத்தச் சேத்துக்காது. "இன்னாடி, ஆட்டுக்கு ஆயாவாயிட்ட"ன்னு அக்கா கிண்டல் பண்ணும். பெத்தவகிட்டேர்ந்து பிரிச்சவ நானு, என்னையே ஆத்தான்னு நெனச்சுகினு வருதே, இது இன்னா கொடுமைன்னு தோணும்.

குட்டி துள்ளத் துள்ள அவரும் எந்திரிச்சாரு. சித்திரையில தாங்கியோட பட்டி வரைக்கும். வைகாசியில ஒரு தடியோட ஏரிக்கர வரைக்கும். வேர்த்துக் கொட்டும், பல்லக் கடிச்சுகினு நடப்பாரு. டாக்டரே அசந்துட்டாரு. ஆனா குட்டிய அவரு கையால தொட மாட்டாரு. "ஆத்தா சொத்து, நமக்கு எதுக்கு?" தள்ளி நின்னு அதோட ஒடம்ப அளந்து பாப்பாரு. கொம்பு மொளைக்கற எடத்துல தடிப்பு வந்தவுடனே அவருக்கு ஒரே சந்தோசம். எனக்குச் சோறு எறங்கல.

ஆனி கடேசியில ஒரு நாளு, நல்ல மூடுல இருந்தாரு. மெல்லக் கேட்டேன். "பாவா, ரெண்டாவதா பொறந்துச்சே, அந்தக் கிடா இத்த விடக் கொழுப்பா இருக்குது. அத்தக் குடுத்துட்டா இன்னா? ஆத்தா கணக்கா பாக்கப் போறா?"

அவரு கோவப்படல. அதுதான் எனக்குப் பயம். தடிய மடியில வெச்சுகினு, கம்பி வெச்ச தொடையத் தடவிகினே கேட்டாரு. "இந்தக் கால எடுத்துட்டு வேற காலு வெச்சா நடப்பனாமே?"



ஆடி ஞாயித்துக்கெழம. ஊரு பூரா காவடி, மஞ்சத் துணி, மேளம், மலை மேல ஏறுறதுக்கு ஆந்திராவுலேர்ந்து பஸ் பஸ்ஸா ஜனம். நாங்க அதுக்கு எதிர்த் தெசையில, வயலுக்கு நடுவுல எல்லைக் கோயிலுக்கு நடந்து போறோம். அவரு புது வேட்டி கட்டிகினு, தடிய ஊனிகினு, ஒருத்தர் கையும் புடிக்காம நடக்கறாரு. முக்கா கிலோமீட்டர் இருக்கும். நடுவுல ஒரே ஒரு எடத்துலதான் நின்னாரு. குட்டி என் பின்னால வருது. புடிச்சு இழுக்கக் கயிறு கூட கிடையாது. எதுத்தாப்புல வர்றவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கறாங்க. "பாரேன், கயிறே இல்லாம வருது. ஆத்தாளே கூப்புட்டுகினு போறா." பாலு குடுப்பேன்னு என் பின்னால வருதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோயில்ல பூசாரி மால போட்டு, வேப்பெல போட்ட தண்ணிய அதோட தல மேலயும் முதுவு மேலயும் ஊத்தினாரு. குட்டி சிலிர்க்கணும். ஒடம்ப உதறினாத்தான் ஆத்தா ஏத்துகினான்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் கத்தி. சிலிர்க்கலன்னா வெட்டக் கூடாது, திருப்பி ஓட்டிகினு போயிடணும். ஊத்தினாரு. சும்மா நின்னுச்சு. திரும்பவும் ஊத்தினாரு. என்னப் பாத்துகினு நின்னுச்சு. வெயில் காலம் பூரா தெனம் மத்தியானம் நான் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டின குட்டி, அதுக்குத் தண்ணின்னா கூச்சமே கிடையாது. மூணாவது சொம்பும் ஊத்தியாச்சு. கூட்டத்துல மொணமொணன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. வேண்டுதல்ல ஏதோ கொறைன்னு ஒருத்தி சொல்றா.

சிலிர்த்துடாதடா கண்ணு, அப்டியே நில்லு, வூட்டுக்குப் போலாம்னு மனசுக்குள்ள சொல்றேன். அப்பத்தான் அவரப் பாத்தேன். மூஞ்சில ரத்தமே இல்ல. அந்தக் காலு ஆட ஆரம்பிச்சுடுச்சு. தடி மண்ணுல எறங்குது. "ஏத்துக்க மாட்டேன்றாமே"ன்னு என்னப் பாத்துச் சொன்னாரு, கொழந்த மாதிரி. சொல்லிகினே மெல்ல மெல்லத் தரையில உக்காரப் போறாரு. இப்ப உக்காந்தா இனிமே எந்திரிக்க மாட்டாருன்னு எனக்கு அடிச்சு வெச்சாப்புல தெரிஞ்சுது.

பூசாரி என்னப் பாத்து, "வளத்த கையால ஊத்தட்டும்மா, கடேசி தடவ"ன்னு சொம்ப நீட்டினாரு.

வாங்கினேன். கிட்டப் போனதும் குட்டி என் வெரல வாயில வெச்சு சப்புது. முதுவுல ஊத்தியிருந்தா நின்னிருக்கும். அது பொழச்சிருக்கும், என்ன ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. நான் அதோட தலையத் தடவற மாதிரி காதத் தூக்கினேன். காது ஓட்டைக்குள்ள ஊத்தினேன். ஆட்டுக்குள்ளயே பொறந்து வளந்தவளுக்குத் தெரியாதா, காதுல தண்ணி பூந்தா எந்த ஆடும் ஒதறும்னு? தெரிஞ்சேதான் ஊத்தினேன்.

தல முதல் வாலு வரைக்கும் ஒதறுச்சு. "ஓம் சக்தி! பராசக்தி!"ன்னு கூட்டமே கத்துது. அவரு தடியத் தூக்கிப் போட்டுட்டு, தனியா, ஒண்ணையும் புடிக்காம நாலு அடி நடந்து போயி ஆத்தா முன்னால நின்னு கையத் தூக்கினாரு. குட்டிய இழுத்துகினு போகும்போதும் அது என் பக்கம் திரும்பித் திரும்பிப் பாலுக்குக் கத்துச்சு. ஓடிப் போயி மறிக்கணும்னு கை காலு பறக்குது. நான் நின்ன எடத்துலயே நின்னேன்.

இப்ப அவரு நல்லா நடக்கறாரு. லேசாத் தாங்கித் தாங்கி நடப்பாரு, அவ்ளோதான். வெள்ளையையும் செவலையையும் அவரேதான் கல்யாணத்துக்கு இட்டுகினு போறாரு. "பாத்தியாமே, நீ தப்பு பண்ணியும் ஆத்தா என்னக் கை வுடல"ன்னு இன்னிக்கும் யாராவது வந்தா என் எதிர்லயே சொல்லுவாரு. "ஆங்"னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்தக் காலு இன்னா ஆவுமோன்னு பயம். அவருக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்துலதான் இத எழுதறேன்.